'மண்ணின் சுவை' என்னும் சொல்லாடல்: பரோஸா ஷிராஸை முன்வைத்து

அடிலெய்டில் இருக்கும் நண்பர் போன வருஷம் ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பரோஸா பள்ளத்தாக்கு ஷிராஸ். ஆல்கஹால் 14.5 சதவீதம். மசி மாதிரி நிறம். வாயில் வைத்தால் நாக்கு முழுக்கக் கனமாகப் படிகிறது. கறுப்புப் பழங்களின் பாகு, சாக்லேட், கடைசியில் கொஞ்சம் மிளகு. மிளகு எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. 'லேபிளப் படிச்சுட்டுச் சொல்றே' என்றார்.

லேபிளும் ஒரு பிரதிதான். 'இந்த மண்ணின் சுவை' என்கிறது அது. மண்ணுக்கென்று மாறாத சாரம் உண்டு என்ற பேச்சு எங்கிருந்து வந்தாலும் நமக்குச் சந்தேகம் வரும், வர வேண்டும். ஆனால் இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியவில்லை என்பதுதான் என் சிக்கல்.

மிளகையே எடுத்துக்கொள்வோம். ஷிராஸின் மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் அறிவித்தார்கள். அஞ்சறைப் பெட்டி மிளகின் வாசனையிலும் இருப்பது அதே சேர்மம்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் படுவதே இல்லை. நண்பர் அந்த ஒருவராக இருக்கலாம். பழம் நிதானமாகப் பழுக்கும் குளிர்ந்த இடங்களில், விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் போல, இது தூக்கலாக இருக்கும். வெயில் காயும் பரோஸா தரையில் மிளகு அடங்கிப் பாகும் கனமும் முன்னால் வரும். பக்கத்திலேயே மேட்டில் இருக்கிறது ஈடன் பள்ளத்தாக்கு. அங்கே அதே திராட்சை கனம் குறைந்து மணம் கூடுகிறது. ஹண்டர் பள்ளத்தாக்கில் வேறு மாதிரி: நடுத்தரக் கனம், வயதாக ஆகத் தோல் வாசனை, மண் வாசனை. நிலத்துக்கேற்பக் கருப்பொருள் மாறும் என்று பாடம் படித்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த வெனிலா, தேங்காய் வாசனை? அது மண் தந்ததல்ல, அமெரிக்க ஓக் பீப்பாய் தந்தது. 15 சதவீதத்தைத் தாண்டிய ஆல்கஹாலும் வெயிலின் வேலை மட்டுமில்லை. 1990களின் பிற்பகுதியில் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகர் இந்தக் கனத்துக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டார். பலர் பழத்தை இன்னும் கனியவிட்டுப் பறித்தார்கள். (விமர்சகனுக்கு இத்தனை செல்வாக்கா என்று வயிறு எரிகிறது.)

பெயர்களைப் பாருங்கள். ஷிராஸ் ஒரு பாரசீக நகரம். இந்தத் திராட்சையோ தென்கிழக்குப் பிரான்சின் இரண்டு வகைகளுக்குப் பிறந்தது என்று 1990களின் கடைசியில் மரபணுச் சோதனை காட்டிவிட்டது. பரோஸா என்பது 1811இல் ஸ்பெயினில் நடந்த ஒரு சண்டையின் பெயர், அதுவும் எழுத்துப் பிழையோடு. 1842இலிருந்து அங்கே குடியேறியவர்கள், பிரஷ்ய அரசின் மதக் கெடுபிடிக்குத் தப்பி வந்த லுத்தரன்களின் கூட்டம். முதல் உலகப் போரின்போது அவர்களுடைய ஜெர்மன் ஊர்ப்பெயர்களைச் சட்டம் போட்டு அழித்தார்கள். இவர்களுக்கெல்லாம் முன்பே அங்கே வாழ்ந்த பெரமாங்க், நட்ஜுரி, கௌர்னா மக்கள் என் கையிலிருந்த லேபிளில் இல்லை. 'மண்' மட்டும் இருந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவைத் தொடவில்லை. அதனால் 1840களில் நட்ட கொடிகள் சில இன்றும் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. 1980களின் நடுவில் திராட்சைக்கு விலையில்லை. கொடியைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்றது அரசாங்கம். கடனில் கிடந்த விவசாயி என்ன செய்வான்? தாத்தா நட்ட ஷிராஸைப் பிடுங்கினான். 2009இல் அதே பள்ளத்தாக்கில் கொடிகளின் வயதுக்குப் பட்டங்கள் வந்தன: 35 வயதானால் பழையது, 70 என்றால் தப்பிப் பிழைத்தது, 100 நூற்றாண்டுக் கொடி, 125 மூதாதை. வேண்டாத சரக்கு என்று காசு கொடுத்துப் பிடுங்கச் சொன்னதுதான் இப்போது 'மரபு' என்று விலைபோகிறது. பிடுங்கியவனுக்கு அதில் பங்கில்லை.

நண்பருடைய பாட்டிலில் இருந்தது எத்தனை வயதுக் கொடியின் சாறு என்று லேபிளில் தேடிப் பார்த்தேன். போடவில்லை.