புறாத்தீவிற் காலடி

திருகோணமலை நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளிக் கடற்கரையை அடையலாம். அவ்வெண்மணலில் நின்று கடலை நோக்குவார்க்கு ஒரு கிலோமீற்றர் அளவில் இரண்டு பாறைத் திட்டுகள் தோன்றும். பெரியதும் சிறியதுமாகிய அவ்விரண்டுமே புறாத்தீவு எனப்படுவன. புறாமலை என்று வழங்குவாரும் உளர். பாறைப் பிளவுகளில் வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர் இது. பெரிய தீவின் நீளம் 200 மீற்றர், அகலம் 100 மீற்றர் அளவினவே. ஆங்கிலேயர் ஆட்சியிற் குண்டு சுட்டுப் பழகுதற்கு இலக்காயிருந்த இத்தீவு, 1963ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. பூங்கா என்னும் சொற்கேட்டு மரமும் மலருந் தேடிச் செல்வார் ஏமாறுவர். அதன் பரப்பாகிய 471 எக்டேயரிற் பெரும்பகுதி கடலே. காணத்தக்க பொருளும் அக்கடலின் அடியிலேயே உளது.

அப்பொருள் முருகைக்கற் பார் ஆகும். நூல்களில் இதனைப் பவளப்பாறை என்று எழுதுகின்றோம். அணிகலனாக நம் முன்னோர் கொண்ட செம்பவளம் வேறு, இது வேறு. ஆதலின் முருகை என்னும் நம் நாட்டு வழக்கே எனக்கு உவப்பாகின்றது. கல் என்று சொல்லினும் இது கல் அன்று. சிறு மலர் போன்ற உடலும் அதனைச் சூழ்ந்த உணர்கொம்புகளும் உடைய எண்ணிறந்த நுண்ணுயிர்கள், கடல்நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்துத் தமக்கு வீடு சமைத்துக்கொள்கின்றன. வீட்டின் மேற்புறத்தில் மெல்லிய தோல்போற் படர்ந்திருப்பதே உயிருள்ள பகுதி. அவ்வுடலினுள்ளே ஒருவகை நுண்பாசி குடியிருந்து, ஞாயிற்றொளியால் உணவாக்கித் தன்னைக் காக்கும் உயிருக்கும் ஊட்டுகின்றது. கிளைகளாய்ப் பிரியும் இனம் ஆண்டிற்குப் பத்துச் சென்றிமீற்றரோ சற்றுக் கூடுதலாகவோ வளரும். உருண்டையாய்த் திரளும் இனமோ ஒரு சென்றிமீற்றர் அளவே வளரும். ஆகவே ஓர் ஆள் தழுவும் அளவினதாகிய முருகைத் திரள் நம் பாட்டனாரினும் மூத்ததாயிருத்தல் கூடும்.

இதற்கு வருங் கேடுகள் பல. கடல்நீர் அளவிற்கு மிஞ்சிச் சூடேறின், உள்ளிருக்கும் பாசி வெளியேற முருகை வெளிறிப்போகும்; சூடு தணியாதாயின் மடிந்தேபோகும். 1998ஆம் ஆண்டில் தென்கரையிலுள்ள இக்கடுவைப் பார் இவ்வாறு பெரும்பாலும் அழிந்தது. இதனைத் தீவிற்குச் செல்லும் ஒருவர் அன்று தடுத்துவிட இயலாது. ஆனால் மற்றொரு கேடு முற்றிலும் நம் கையில், அன்று, நம் காலில் உள்ளது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் நாட்டின் எல்லாப் பகுதியினரும் அயல்நாட்டினரும் இங்கே திரளாக வருகின்றனர். அவர்களுட் பலர் பாரின்மேல் நிற்கின்றனர்.

ஏன் நிற்கின்றனர்? கொடுமையினால் அன்று, அச்சத்தினாலேயே. இதனை யான் பிறரைப் பார்த்து எழுதவில்லை. முதன்முறை சென்றபோது, குளத்தில் நீந்தத் தெரிந்தவன் என்னும் துணிவில், உயிர்காப்பு அங்கியை வேண்டாவென்று படகிலேயே விட்டு இறங்கினேன். கண்ணாடியினூடே நீல மீனும் மஞ்சள் மீனும் கண்டு மகிழ்ந்திருக்கையில், சிற்றலையொன்று மூச்சுக்குழாயை நிறைத்தது. உப்புநீர் தொண்டையில் இறங்கிற்று. எதையும் எண்ணாது காலை ஊன்றினேன். காலின்கீழ் ஏதோ முறிந்த ஓசை நீருக்குள் நன்றாகக் கேட்டது. "தம்பி, காலை வையாதே! மல்லாந்து கிட!" என்று படகோட்டி கூவினார். அதற்குள் இரண்டு கிளைகள் ஒடிந்துவிட்டன. என் உள்ளங்காலும் கிழிந்தது. அப்புண் ஆறுதற்கு மூன்று கிழமை சென்றது. ஒடிந்த கிளைகள் மீண்டும் அவ்வளவாதற்கு எத்தனை ஆண்டு செல்லுமோ!

அன்று அறிந்தது இது: இவ்விடத்தில் தன்னைக் காத்தலும் பாரைக் காத்தலும் ஒரே வினை. மிதக்கத் தெரிந்தவன் மிதிக்கமாட்டான். உயிர்காப்பு அங்கி கோழைக்கு உரியதென்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். அது மூழ்காமற் காப்பதோடு, கால்களையும் மேலே எழச் செய்து முருகைக்கு எட்டாது வைக்கின்றது. புதியவர் முதலில் வெறுமணலுள்ள இடத்தில் இடுப்பளவு நீரில் நின்று, கண்ணாடியைப் பொருத்திக் குழாயினால் மூச்சுவிடப் பழகுக. நீர் புகுந்தால் மல்லாந்து மிதந்து குழாயை அகற்றி இளைப்பாறுக. பார் வயிற்றைத் தொடும் அளவிற்கு ஆழங் குறையின் முன்னே செல்லாது வந்த வழியே திரும்புக. துடுப்புக்காலணி அணிவோர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். அது நீண்டிருத்தலால், பின்னே எதை உடைக்கிறோமென்று அணிந்தவர்க்கே தெரியாது. தனியே நீந்துதலும், பாறை முனைகளைச் சுற்றி ஆழ்கடற் பக்கம் செல்லுதலும் ஆகா. நீரோட்டம் இழுப்பின் அதனோடு எதிர்த்துப் போராடாது, குறுக்கே நீந்திக் கரை சேரவேண்டும். இவ்வளவையும் அறிந்தபின்னும் முருகை கீறிவிட்டால், நன்னீரால் நன்கு கழுவி மருத்துவரிடம் காட்டுக. நுண்துகள் உள்ளே தங்கிப் புண் சீழ்பிடித்தல் உண்டு.

காலமும் அறிந்து செல்லவேண்டும். கீழ்க்கரையில் வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியிற் கடல் கொந்தளிக்கும், நீரும் கலங்கும். வைகாசி முதல் ஆவணி வரை அமைதியான காலம். அக்காலத்திலும் காலையிற் சென்று காற்று எழுமுன் திரும்புதல் நன்று. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு இன்றியமையாதது. குடிநீரையும் உடன் கொண்டு சென்று, வெறும் போத்தலைத் திரும்பக் கொணர்க. வெயிலுக்கு அஞ்சி உடம்பிற் களிம்பு பூசுவோர் பலர். அவற்றுட் சில முருகைக்கு நஞ்சாவன; முழுக்கைச் சட்டை அணிந்து நீரில் இறங்குதல் இரண்டிற்கும் நலம்.

சுறாவைப்பற்றி எல்லாரும் கேட்கின்றனர். இங்கே ஆழமில்லா நீரில் உலாவுவது கருநுனிச் சுறா. ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். மனிதரைக் கண்டு விலகும் இயல்பினது. அதனைத் துரத்துதலும் வழிமறித்தலும் தகா. மீன்களுக்கு அப்பத்துண்டு எறிவோரையும் கண்டேன். பாசி மேய்ந்து பாரைத் துப்புரவாக வைக்கும் மீன்கள் அத்துண்டுக்குப் பழகின் தம் தொழிலை மறக்கும்.

கரையில் வெண்ணிறமாய்க் குவிந்து கிடப்பன மடிந்த முருகைத் துண்டுகள். அவற்றில் ஒன்றையும் எடுத்துச் செல்லல் குற்றம். இரண்டாம் முறை சென்றபோது என்னுடன் வந்த சிறுமியொருத்தி விரல் போன்ற துண்டொன்றைக் கையில் ஒளித்துப் படகேறினாள். படகோட்டி ஒன்றும் கடிந்திலர். படகைத் தள்ளாது நின்றார். அவள் இறங்கிச் சென்று எடுத்த இடத்திலேயே அதை வைத்து வந்த பின்னரே துடுப்பை எடுத்தார்.