கழற்றி மாட்டும் பற்கள்

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது நம் பாட்டிமார் வாக்கு. இதில் இலக்கண உண்மையும் உண்டு. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் இடங்களை எண்ணும்போது தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றோடு பல்லையும் சேர்த்தே எண்ணுகிறார். தகரமும் நகரமும் பிறக்க நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். வகரத்துக்கு மேற்பல்லும் கீழுதடும் கூட வேண்டும். தமிழ் வகுப்பில் இப்பகுதியைக் கேட்டபோது எனக்கு என் தாத்தாவின் நினைவே வந்தது. அவருக்குச் சொல் போகவில்லை, முன்பற்கள் இருந்தன. போனவை கீழ்த்தாடையின் கடைவாய்ப்பற்கள், இருபுறமும்.

எங்கள் ஊர் சாமல்பட்டி. மாந்தோப்பும் நிலக்கடலைக் கொல்லையும் சூழ்ந்த ஊர். "களி தின்கிறவனுக்குப் பல் எதற்கு? விழுங்கத்தானே வேண்டும்" என்று சொல்லியே தாத்தா சில ஆண்டுகளை ஓட்டிவிட்டார். ஆனால் கடலை விளைவிக்கிறவர் கடலை தின்ன முடியாமல் இருப்பது பெருந்துன்பம். கடைசியில் ஒரு சந்தையில் கடை விரித்திருந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்தார். அந்த மனிதர் அச்சு எடுக்கவில்லை, அளவும் பார்க்கவில்லை. இருபுறமும் எஞ்சியிருந்த கடைசிப் பல்லில் கம்பியைச் சுற்றி, இளஞ்சிவப்புப் பசையை அப்பி, அதில் இரண்டிரண்டு பற்களை ஒட்டிவிட்டார். கழற்றவே முடியாத ஏற்பாடு அது. ஓராண்டுக்குள் ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. இடப்பக்கம் கம்பி சுற்றிய சொந்தப் பல்லே ஆடி விழுந்தது. கீழ்த்தாடையில் பத்தாக இருந்தது ஒன்பதாயிற்று.

நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் 1920இல் தொடங்கினார். 1948இல் சட்டம் இயற்றி, பதிவு பெற்றோரே இத்தொழிலைச் செய்யலாம் என்று வகுத்தார்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கியது. அப்படியிருந்தும் சந்தைக் கடை இன்றும் நடக்கிறது. ஏழ்மை மட்டும் அதற்குக் காரணமில்லை என்பது என் எண்ணம். பல் கட்டுவது என்றால் போன இடத்தில் ஒரு பல்லை ஒட்டுவது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்புத் தவறென்று எனக்குத் தெரிந்தது, தாத்தாவைப் பாசஞ்சர் வண்டியில் சேலத்துக்கு அழைத்துச் சென்ற அன்றுதான்.

அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பட்ட மேற்படிப்பு மாணவி ஒருவர் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா வாயைத் திறந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "கண்ணு, இந்தக் கறைப் பல்லை எல்லாம் பிடுங்கிப்போட்டு முழு செட்டாக் கட்டிவிடு."

கறைப் பல் நம் மாவட்டத்தார் பலர் அறிந்ததே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. பல்லின் எனாமல் உருவாகும் சிறுவயதில் அதற்கு மிஞ்சிய நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரி நீர் கிடைத்தது. ஆயினும் முன்பே ஏறிய கறை நீரை மாற்றுவதால் போகாது.

மருத்துவர் ஒவ்வொரு பல்லையும் தட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். பிறகு, "ஐயா, கறை மேலேதான் இருக்கு. மிக முற்றினால்தான் எனாமல் குழி விழுந்து உதிரும். உங்களுக்கு அப்படி இல்லை. வேர் நன்றாக இருக்கு. இந்த ஒன்பது பல்தான் நான் கட்டப்போகும் வீட்டுக்குத் தூண்" என்றார். பிறகு தாத்தாவின் தாடைக்கு எடுத்த பிளாஸ்டர் மாதிரியை மேசைமேல் வைத்து எங்களுக்கு விளக்கினார். அன்று கேட்டதையும் பின்னர் படித்ததையும் சேர்த்தே கீழே எழுதுகிறேன்.

எல்லாப் பற்களும் போனவருக்குக் கட்டுவது முழுப் பல்செட். சில பற்கள் எஞ்சியிருக்க, போன இடங்களை மட்டும் நிரப்பி, நாமே கழற்றி மாட்டும்படி அமைப்பது பகுதிப் பல்செட். ஒரு தாடையில் பதினாறு பற்கள். ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது போகலாம் என்று கொண்டால் 65,536 வகை வாய்கள் உண்டு. கணிதத்துறை நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்! இந்தக் காட்டில் வழி தெரிய எட்வர்டு கென்னடி என்பவர் 1925இல் நான்கு வகுப்புகளை வகுத்தார். இருபுறமும் கடைப்பற்கள் போய், இடைவெளிக்குப் பின்னால் பல்லே இல்லாதது முதல் வகுப்பு. ஒருபுறம் மட்டும் அப்படியிருப்பது இரண்டாம் வகுப்பு. ஒருபுற இடைவெளிக்கு முன்னும் பின்னும் பல் இருப்பது மூன்றாம் வகுப்பு. முன்பற்கள் நடுக்கோட்டின் இருபக்கமும் போயிருந்தால் நான்காம் வகுப்பு. தாத்தா முதல் வகுப்பு. "பள்ளிக்கூடத்தில் வராதது இங்கே வந்துவிட்டது" என்று அவர் மகிழ்ந்தார். ஆனால் இந்த முதல் வகுப்புத்தான் கடினமானது.

காரணம், பின்னால் தூண் இல்லை. முன்னும் பின்னும் பல் இருந்தால் கட்டுப்பல் இரு தூண்களின்மேல் பாலம்போல நிற்கும். பின்னால் இல்லாவிட்டால் ஒரு முனை பல்லின்மேலும் மறுமுனை ஈற்றின்மேலும் அமரும். எலும்பில் வேரூன்றிய பல் கடிக்கும்போது மிகச் சிறிதே அமுங்கும். ஈறோ மெத்தைபோலப் பன்மடங்கு அமுங்கும். ஆகவே ஒவ்வொரு கடியிலும் பின்முனை இறங்கி, முன்னிருக்கும் பல்லை நெம்புகோல்போல நெம்புகிறது. சந்தைக்காரரின் கம்பி தாத்தாவின் பல்லைப் பிடுங்கியது இப்படித்தான். அவர் ஒட்டியது பல்லை, ஆனால் அதனோடு ஒரு நெம்புகோலையும் சேர்த்தே ஒட்டிவிட்டார்.

இனி உறுப்புகள். கட்டுப்பல்லைச் சுமக்கும் சொந்தப் பல் 'தாங்கு பல்'; அபட்மெண்ட் என்பர். அதன் தலையில் மருத்துவர் சிறு கிண்ணம்போல ஒரு பள்ளம் செதுக்குகிறார். அதில் வந்து அமரும் உலோக நாக்குக்கு 'ரெஸ்ட்' என்று பெயர். நாம் 'அமர்வு' எனலாம். பார்க்க அற்பமான இந்தத் துண்டே என் கருத்தில் தலையாய உறுப்பு. இது இல்லாத பல்செட் மெல்ல மெல்ல ஈற்றுக்குள் இறங்கி, தாங்கு பல்லின் அடி ஈற்றையே உரித்துவிடும். விலை குறைந்த அக்ரிலிக் பிளேட்டுகள் பலவற்றில் அமர்வு இருப்பதில்லை. கட்டிக்கொள்கிறவர்கள் "இது எதன்மேல் உட்காரும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பல்லைத் தழுவி நிற்கும் கம்பி 'பிடி', அதாவது கிளாஸ்ப். பல்லின் உடல் குடத்தைப் போன்றது. மேலே அகன்று, ஈற்றருகே கழுத்துபோல ஒடுங்கும். குடத்தின் கழுத்தில் சுருக்கிட்ட கயிறு வாயைத் தாண்டி எளிதில் வராது. அதேபோல் பிடியின் நுனி, பல்லின் புடைப்பைத் தாண்டி அடியிலுள்ள ஒடுக்கத்தில் பதிகிறது. வார்ப்பு உலோகமானால் கால் மில்லிமீட்டர் ஆழம் போதும். வளைந்து கொடுக்கும் கம்பியானால் அரை மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் கழற்றும்போதெல்லாம் பல்லை இழுக்கும். புடைப்பு எங்கே என்று காண மாதிரியின்மேல் நேர்க்குத்தான பென்சில் முனையால் கோடு வரையும் கருவியின் பெயர் சர்வேயர். அந்தப் பெயரில் நிலம் அளப்பவரை மட்டுமே அதுவரை நான் அறிவேன். ஒரு கை இழுக்கும்போது பல் சாயாதிருக்க, எதிர்ப்புறம் வளையாத மற்றொரு கை அணைத்துக்கொள்ளும்.

வலமும் இடமும் தனித்தனியே இருந்தால் ஆடும். இரண்டையும் சேர்ப்பது 'பெரும் இணைப்பு'. கீழ்த்தாடையில் அது நாக்கின் அடியில், முன்பற்களுக்கு உட்புறமாக, அரைப் பேரிக்காய் வடிவக் கம்பியாக ஓடும். மேல்தாடையில் அண்ணத்தைக் கடக்கும் பட்டையாக இருக்கும். அதிலிருந்து பிடிக்கும் அமர்வுக்கும் கிளைவிடுபவை 'சிறு இணைப்புகள்'. ஈற்றின்மேல் அமரும் இளஞ்சிவப்புப் பகுதி அடித்தளம். ஆங்கிலேய மருத்துவர்கள் இதைச் சேணம் என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். குதிரைமேல் சேணம் அமர்வதுபோல ஈற்று மேட்டின்மேல் அமர்வதால் அந்தப் பெயர் பொருந்தும். சேணம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் பாரம் பரவும்.

ஒட்டும் பண்டத்தை மெல்லும்போது சேணத்தின் பின்முனை மேலே எழும்பப் பார்க்கும். இரு தாங்கு பற்களையும் சேர்க்கும் கோட்டை அச்சாகக் கொண்டு பல்செட் ஏற்றம்போல ஆடும். இதைத் தடுக்க அச்சுக்கு முன்னால், கோரைப்பல்லின் உட்புற மேட்டில் இன்னோர் அமர்வை வைக்கிறார்கள். இதற்கு 'மறைமுகப் பிடி' என்று பெயர். பிடிக்காமலே பிடிப்பது! மருத்துவர் பிளாஸ்டர் மாதிரியை விரலால் ஆட்டிக் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. கிணற்றில் ஏற்றம் இறைத்த தாத்தாவுக்குச் சொல்லும்போதே விளங்கிவிட்டது.

இந்த எலும்புக்கூடு முழுவதையும் கோபால்ட்-குரோமியக் கலவையில் ஒரே வார்ப்பாக ஊற்றுகிறார்கள். மெழுகில் வடித்து, சுற்றிலும் அச்சு மண் இறுக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, 1,300 பாகை செல்சியசுக்கு மேல் காய்ந்த உலோகத்தைச் செலுத்தும் முறை அது. சுவாமிமலைச் சிற்பிகள் படிமம் வார்ப்பதும் மெழுகு வழியேதான். அக்ரிலிக் பயன்பாட்டுக்கு வந்தது 1930களில்; அதற்கு முன் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரையே அடித்தளமாக வைத்தார்கள். அக்ரிலிக்கை உறுதிக்காகத் தடிமனாகச் செய்ய வேண்டும், நாக்குக்கு இடம் குறையும். உலோகம் மெல்லியதாயிருந்தும் வளையாது. விலைதான் கூட.

மருத்துவர் சொன்ன பராமரிப்பு எளியது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், ஈறு மூச்சுவிடட்டும். காலையில் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். சாம்பலும் செங்கல்பொடியும் ஆகா, வெந்நீரும் ஆகாது. கட்டுப்பல்லைவிடத் தாங்கு பல்லை அதிகம் துலக்க வேண்டும், ஏனெனில் பிடியின் அடியில் தங்கும் உணவு அதைத்தான் அரிக்கும். சேணத்தின் கீழுள்ள எலும்பு நாளடைவில் தேயும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, இடைவெளி விழுந்திருந்தால் அடித்தளத்துக்கு மறுபூச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்து முறை சேலம் போய்வந்த பின் பல்செட் கைக்கு வந்தது. முதல் வாரம் ஓரிடத்தில் உறுத்தியது. போய்த் தேய்த்துக்கொண்டு வந்தோம். ஆறாம் மாதம் மருத்துவர் ஒன்பது பற்களையும் மீண்டும் அசைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. "எல்லா வேளையும் போட்டுக்கொள்கிறீர்களா ஐயா?" என்று கேட்டார். கடலைக்கும் முறுக்குக்கும் போடுவதாகவும், களிக்குக் கழற்றி வைத்துவிடுவதாகவும் தாத்தா சொன்னார். சாப்பிடும்போது கழற்றக் கூடாது என்று மருத்துவர் எடுத்துச் சொன்னார். "நீ நல்லா இரு கண்ணு. ஆனால் களியை எவன் மெல்லுவான்?" என்றார் தாத்தா.