மின்வட இணைப்பில் புகும் இரைச்சல்

புனேவுக்கு வடக்கே, கோடாத் கிராமத்தை நடுவாகக் கொண்டு, 45 மீட்டர் விட்டமுள்ள 30 வானலைக் கிண்ணங்கள் நிற்கின்றன. விண்ணினின்று வரும் மிக நுண்ணிய ரேடியோ அலைகளை ஏற்கும் இத்தகைய கருவிகளில், அயலிரைச்சல் புக ஒரு விரற்கடை இடம் போதும். அவ்விடம் பல வேளைகளில் வடத்தின் முனையிலுள்ள இணைப்பியேயாகும்.

நடுக்கம்பியைச் சூழ்ந்த செப்புப் பின்னலில் புற அலைகள் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. அவ்வோட்டம் பின்னலின் வெளிப்புறமாகவே சென்று கருவிப் பெட்டியின் உலோகச் சுவரை அடைந்துவிடின், உள்ளிருக்கும் குறிப்பலை கெடுவதில்லை. இதற்குப் பின்னல், இணைப்பியின் கூட்டை முழு வட்டமாகத் தழுவி நிற்றல் வேண்டும். பின்னலை முறுக்கி ஒற்றை வாலாக்கிப் பற்றவைப்பது எளிது, கேடும் அங்கேதான். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள வாலின் மின்தூண்டம் ஏறக்குறைய 50 நானோஹென்றி. விநாடிக்கு 50 சுழற்சியுள்ள வீட்டு மின்சாரத்திற்கு அது ஒரு தடையே அன்று. 10 கோடிச் சுழற்சியிலோ 31 ஓம் மறிப்பாகிறது. அதன் குறுக்கே எழும் மின்னழுத்தம் குறிப்பலையோடு கலந்துவிடும்.

மரை தளர்ந்து, தொடும் பரப்பில் களிம்பேறினால் மற்றொரு தொல்லை: அப்பரப்பு டையோடு போல் நடந்து, இரு வலிய அலைகளினின்று மூன்றாவதொன்றைப் பிறப்பிக்கக் கூடும். இரைச்சல் கேட்டவுடன் பலர் வடத்தையே மாற்ற முற்படுவர். மரையை இறுக்கிப் பார்ப்பதும், வாலை நீக்கிக் கவ்வுவளையம் பொருத்துவதும் அதனினும் மலிவு.