எந்தக் கடலின் மட்டம்?

ரயில் நிலையப் பெயர்ப்பலகையில், ஊர் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். எந்தக் கடல் என்று யாரும் கேட்பதில்லை. ரைன் ஆற்றங்கரையில் கேட்க வேண்டி வந்தது.

அங்கே ஆற்றின் இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து. இரு கரை ஊருக்கும் லாஃபன்பர்க் என்றே பெயர். நடுவே ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தபோது, 2003-இல், இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை, 54 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று தெரிந்தது.

ஜெர்மனி உயரத்தை வட கடலிலிருந்து, ஆம்ஸ்டர்டாம் மட்டத்தை வைத்து அளக்கிறது. சுவிட்சர்லாந்துக்குக் கணக்கு மத்தியதரைக் கடலிலிருந்து. ஜெனீவா ஏரிக்குள் தலைநீட்டி நிற்கும் ஒரு பாறையை 373.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, நாட்டின் மலைகளையெல்லாம் அதிலிருந்து அளந்தார்கள். கடல்கள் ஒன்றோடொன்று கலந்தவைதானே என்று தோன்றும். ஆனால் உப்பு, வெப்பம், காற்று, நீரோட்டம் என ஒவ்வொன்றும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும். மத்தியதரைக் கடலில் நீர் அதிகம் ஆவியாகிறது, மிஞ்சும் நீர் உப்பேறிக் கனக்கிறது, மட்டம் தாழ்கிறது. இரு நாட்டுக் கணக்குக்கும் இடையே 27 சென்டிமீட்டர்.

பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. திருத்தமும் போட்டார்கள், கூட்டல் கழித்தல் குறியை மாற்றி. 27 இரட்டித்து 54 ஆனது. ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்திச் சரிசெய்தார்கள். விஷயம் தெரிந்தவர்களே சறுக்கினார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இதைவிடப் பெரிய இடைவெளியும் உண்டு: பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே வித்தியாசம் சுமார் 2.3 மீட்டர், பெல்ஜியத்தார் பூஜ்யத்தை வைத்ததே கடல் வற்றும்போது தாழும் மட்டத்தில்.

இந்தியாவின் 1909-ஆம் ஆண்டு உயரக் கணக்கு, சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட 9 துறைமுகங்களின் நீர்மட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. ஆனால் ஜி.பி.எஸ். கருவிக்குக் கடலே தேவையில்லை. பூமிக்கென்று வகுத்த ஒரு கணித வடிவத்திலிருந்து அது உயரத்தைச் சொல்கிறது. தென்னிந்தியாவை ஒட்டிய கடலில் ஈர்ப்பு விசை குறைவு என்பதால், கடல் மட்டம் அந்த வடிவத்துக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறது. திருத்தாத ஜி.பி.எஸ். கணக்கில் மெரினா மணல் 80 மீட்டருக்கும் கீழே!

80 மீட்டர் பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும். 27 சென்டிமீட்டர் தெரியாது. மழைநீர் வடிகாலில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அதுவே மாற்றிவிடும். ஜி.பி.எஸ். வைத்து எடுத்த ட்ரோன் அளவீட்டுக் கோப்பை வாங்கும் நகராட்சிப் பொறியாளர்களே, உயரம் எதிலிருந்து அளந்தது என்று எழுதாத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.