பங்கார்வாலாவுக்குத் தப்பிய கணிப்பொறி

2024 மே மாதம் நம் சங்கத்தின் பின்னறைக்கு வெள்ளையடிக்க ஏற்பாடாயிற்று. உடைந்த நாற்காலிகள், ஓடாத மின்விசிறி ஆகியவற்றோடு ஒரு பழைய கணிப்பொறியையும் ஞாயிற்றுக்கிழமை பங்கார்வாலாவிடம் போட்டுவிடுவதென்று செயற்குழுவில் முடிவாயிற்று. "ஒரு வாரம் பொறுங்கள்" என்று நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

காரணம் இருந்தது. 2004-ல் மும்பை லாமிங்டன் சாலையில் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த பென்டியம் 4 அது. நினைவகம் 512 எம்.பி. மட்டுமே. ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்திய டீச்சரம்மா தம் பாடங்கள் அனைத்தையும் அதில்தான் வைத்திருந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பூட்டிய அறையை நாங்கள் சரியாகத் திறக்கவேயில்லை. 2023-ல் டீச்சரம்மா காலமானார். ஜூனில் வகுப்பை மீண்டும் தொடங்க வேண்டும். பாடங்களுக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

அதில் ஓடியது லினக்ஸ். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழியில், 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணிப்பொறியில் எழுதத் தொடங்கியது இது. இலவசம் என்பதால் நம் சங்கத்துக்கும் கட்டுப்படியாயிற்று.

நான் ஓய்வு பெற்ற கணக்கன். பொறியியல் படித்தவனல்லன். துணைக்கு எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன் வந்தான், கல்லூரியில் படிக்கிறான்.

மின்சாரம் கொடுத்ததும் திரையில் ஒன்றும் வரவில்லை. 'பீப், பீப்' என்று சத்தம் மட்டும் வந்தது. இந்தச் சத்தக் கணக்கு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆனாலும் பழைய இயந்திரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நினைவகப் பலகையை. மின்சாரத்தைத் துண்டித்து, பலகையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினோம். திரை உயிர் பெற்றது!

ஏதோ ஒரு வாசகம் வந்தது. தொடர எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது. மகிழ்ச்சியில் படிக்காமலே அழுத்தினேன். அங்கேதான் தவறு செய்தேன்.

லினக்ஸ் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. 'இந்த வட்டு கடைசியாகப் பயன்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. வட்டில் குழப்பம் இருக்கலாம், நீங்களே சரிபாருங்கள் என்று சொல்லி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அந்தச் சொல் டீச்சரம்மாவோடு போயிற்று.

"அங்கிள், புதுசா லினக்ஸ் போட்டுடலாமா? அரை மணி நேர வேலை" என்றான் பையன்.

"போட்டா உள்ளே இருக்கிறது?"

"அழிஞ்சுடும்."

"அப்ப கையை எடுப்பா" என்றேன்.

மறுநாள் தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் சாலைக்குப் போனேன். 40 ஊசி வைத்த பழைய வன்வட்டைப் புதிய மடிக்கணினியில் சேர்க்கும் இணைப்பானைத் தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் கிடைத்தது. வட்டைக் கழற்றிப் பையனின் மடிக்கணினியில் இணைத்து, எழுத இடம் தராமல், படிக்க மட்டும் திறந்தோம். கோப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன! இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சில கோப்புகள் ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் இருந்ததால் கொச்சைக் குறிகளாகத் தெரிந்தன. மாற்றி எடுத்ததும் தமிழ் தெரிந்தது.

பிறகுதான் நோயைத் தேடினோம். வட்டைத் திரும்பப் பொருத்தி மறுபடி மின்சாரம் கொடுத்து, இந்தத் தடவை முதல் வாசகத்தைப் படித்தேன். தேதி, நேரம் சரியில்லை என்று அது முதல் நாளே சொல்லியிருக்கிறது! கடிகாரம் 2004 ஜனவரி 1 என்று காட்டியது.

தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் மின்கலம் ஒன்று உண்டு. இயந்திரம் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். நாலு வருடப் பூட்டில் அது செத்துவிட்டது. யூனிக்ஸ் வழி வந்தவை 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணியே நேரம் அறிகின்றன. கடிகாரம் பின்னே போனதால், 2020-ல் எழுதிய வட்டு எதிர்காலத்து வட்டாகத் தெரிந்திருக்கிறது. மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்தினோம். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் லினக்ஸ் நேரே உள்ளே போயிற்று. மின்கலத்தின் விலை ஒரு மசாலா தோசைக்குக்கூடக் காணாது.

பாடங்களோடு ஒலிப்பதிவுகளும் இருந்தன. 2006-ல் ஒரு ஞாயிறு, ஒன்பது வயது என் மகள் 'பளம்' என்கிறாள். "நாக்கை மடி கண்ணு, மறுபடி சொல்லு" என்கிறார் டீச்சரம்மா. நாலாவது தடவை 'பழம்' வருகிறது; வகுப்பே கை தட்டுகிறது. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். இரவு பேசினாள். "அப்பா, டீச்சர் குரல்" என்றவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூனில் அந்தப் பாடங்களோடுதான் வகுப்பு தொடங்கியது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், தூக்கிப் போடுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். திரையில் வரும் முதல் வாசகத்தைப் படியுங்கள். எதையும் பழுது பார்க்குமுன் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள். 32 பிட் இயந்திரத்தில் புதிதாக லினக்ஸ் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 2023-ல் வந்த டெபியன் 12-ல் அதற்கான நிறுவி உண்டு, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் இல்லை.

கடவுச்சொல்லையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.