வாய்க்கு அளவெடுத்த காப்பு

நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நாம் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த முதியவருக்கு ஒருவர் வெற்றிலைச் சரையை நீட்டினார். முதியவர் கையசைத்து மறுத்துவிட்டு, "போன வருஷம் வாயிலை கறண்ட் பிடிச்சது, மாஸ்டர். வருத்தம் மாறீட்டுது, ஆனால் அப்ப வாயெல்லாம் அவிஞ்சு கஞ்சிகூட இறங்கேல்லை" என்று எம்மிடம் கூறினார்.

'கறண்ட்' என்று எம்மவர் கூறுவது கதிர்ச் சிகிச்சையையே. பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாளாக ஆறேழு வாரம் அது தொடரும். நோயுற்ற இடத்தைத் தாக்கும் கதிர்கள் அயலிலுள்ள நல்ல தசையையும் சுடுவதாலேயே வாய் புண்ணாகின்றது. முகத்துக்கு முகமூடி பொருத்தித் தலையை அசையாது வைப்பர். ஆயின் உள்ளேயிருக்கும் நாக்கை யார் கட்டுவது?

இதற்கென நோயாளர் பல்லாற் கடித்துக்கொள்ளும் காப்பு ஒன்று உண்டு. அது நாக்கையும் தாடையையும் நாள்தோறும் ஒரே நிலையில் நிறுத்தி, மேலண்ணத்தை நாக்கிலிருந்து விலக்கி வைக்கும். பல் மருத்துவர் அச்செடுத்துக் கையாற் செய்துவந்த பொருள் இது. வாய் திறக்கவே முடியாதவருக்கு அச்செடுப்பதும் ஒரு வேதனையன்றோ!

இங்கேதான் முப்பரிமாண அச்சு துணைக்கு வருகின்றது. வாயின் உருவத்தை ஒளிக்கருவியால் அளந்து, கணினியில் வரைந்து, படைமேற் படையாக அச்சுப்பொறி அக்காப்பை வார்த்துவிடும். 1980களில் அமெரிக்கரான சக் ஹல் உருவாக்கிய நுட்பத்தின் வழிவந்த கலை இது. ஹூஸ்ரன் நகரின் எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலைய மருத்துவர்கள் இத்தகைய காப்புகளை உருவாக்கி ஆராய்ந்துள்ளனர். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது போய், அவரவர் வாய்க்கு அவரவர் காப்பு என்றாகின்றது.

எனினும், காப்பு நல்ல தசையைக் காக்குமேயன்றி நோயை வராது தடுக்காது. இலங்கை ஆண்களிடையே முதன்மையாகக் காணப்படுவது வாய்ப்புற்றே. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. "நான் புகையிலை போடுவதில்லை" என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை.

ஆகவே, வாசகர்களே, வெள்ளைத் தழும்போ, செந்தழும்போ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ தென்படின், நோவில்லையே என்று வாளாவிராது பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்நோயின் தொடக்கம் பெரும்பாலும் நோவதில்லை. அதைக் கண்டறிய அரிய பொறி எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடியும் பகல் வெளிச்சமும் போதும்.