நிலவை இரட்டிக்கும் குழாய்

நீளம் ஒரு தீப்பெட்டி அளவுகூட இராது. கறுப்பு நிறம். இரு முனைகளிலும் உலோக வளையம், உள்ளே சில கண்ணாடி வில்லைகள். எங்கள் கல்லூரியின் முதலாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டுகளில் சேர்த்த பணத்தைக் கொடுத்து, பழைய சாமான் கடையொன்றிலிருந்து இதை வாங்கி வந்திருந்தார். "சார், இதைப் போட்டால் என் 300 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. ஆகிவிடுமாம். கிரகணத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திர கிரகணம் வரவிருந்தது. "தாராளமாக எடுத்துக்கொள் தம்பி" என்று நான் சொன்னேன். அந்த விடை பாதிதான் சரி என்பது அன்று நள்ளிரவில்தான் தெரிந்தது.

இந்தக் குழாய்க்கு டெலிகன்வர்ட்டர் என்று பெயர். காமிராவுக்கும் லென்சுக்கும் நடுவே இதைப் பொருத்த வேண்டும். பிம்பம் 1.4 மடங்காகவோ 2 மடங்காகவோ பெரிதாகும். காமிரா தயாரிக்கும் கம்பெனிகளே இதைத் தயாரிப்பதுண்டு. வேறு கம்பெனிகள் தயாரித்துக் குறைந்த விலைக்கு விற்பதும் உண்டு. ஜப்பானின் கென்கோ கம்பெனி இவ்வகையில் பெயர் பெற்றது. மாணவர் வாங்கியதும் இப்படி ஒரு வெளிக் கம்பெனியின் 2 மடங்குக் கன்வர்ட்டர்தான்.

முதலில் இது எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் 20 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸ் ஒன்றும், அதே குவியத் தூரமுள்ள குழிலென்ஸ் ஒன்றும் இருந்தால் போதும். குவிலென்சைப் பிடித்து, தொலைவிலுள்ள மரத்தின் பிம்பத்தை ஓர் அட்டையில் விழச் செய்யுங்கள். லென்சிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் மரம் தலைகீழாகத் தெளிவாக விழும். அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இப்போது குவிலென்சுக்குப் பின்னால் 10 செ.மீ. தள்ளிக் குழிலென்சைப் பிடியுங்கள். பிம்பம் மங்கிக் கலைந்துவிடும். அட்டையை மெல்லப் பின்னுக்கு நகர்த்துங்கள். குழிலென்சிலிருந்து 20 செ.மீ. வந்ததும் மரம் மீண்டும் தெளிவாகத் தோன்றும். அளந்து பார்த்தால் முன்னைப்போல் இரு மடங்கு இருக்கும். இங்கே குவிந்துகொண்டிருந்த ஒளிக்கற்றையைக் குழிலென்ஸ் சற்றே விரித்துவிடுகிறது. அதனால் கற்றை குறைந்த சாய்வுடன், இன்னும் தொலைவில் போய்க் குவிகிறது. 40 செ.மீ. குவியத் தூரமுள்ள ஒற்றை லென்ஸ் எவ்வளவு பெரிய பிம்பம் தருமோ அவ்வளவு பெரிய பிம்பத்தை இந்தச் சோடி தருகிறது. ஆனால் முன் லென்சிலிருந்து அட்டை வரை மொத்த நீளம் 30 செ.மீ.தான்.

குவிலென்சையும் குழிலென்சையும் இவ்வாறு சேர்க்கலாம் என்று கெப்ளர் 1611இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலிலேயே விளக்கியிருக்கிறார். 1830களில் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, தொலைநோக்கியில் பயன்படும் வகையில் நிறப்பிறழ்ச்சி குறைந்த குழிலென்சை உருவாக்கினார். வானியல் அன்பர்கள் இன்றும் அதைப் பார்லோ லென்ஸ் என்றே அழைக்கிறார்கள். டெலிகன்வர்ட்டர் அதன் தம்பி எனலாம். ஒரே ஒரு குழிலென்சுக்குப் பதில் இதில் பல வில்லைகள் இருக்கும், அவ்வளவுதான்.

இனி நிலவுக்கு வருவோம். நிலவின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 110 மடங்கு தூரத்தில் நிலவு இருக்கிறது. ஆகவே எந்த லென்சானாலும் அதன் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் நிலவுப் பிம்பத்தின் விட்டம் கிடைத்துவிடும். 300 மி.மீ. லென்சுக்கு 2.7 மி.மீ. மாணவரின் காமிராவில் பிம்பம் விழும் சென்சார் ஏறக்குறைய 24 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமும் உள்ளது. அவ்வளவு பெரிய முற்றத்தில் 2.7 மி.மீ. நிலவு ஒரு கடுகுபோலத்தான் கிடக்கும். கன்வர்ட்டர் போட்டால் 5.5 மி.மீ. ஆகிறது. மாணவரின் ஆசை நியாயமானதுதான்.

"படத்தை எடுத்த பிறகு பெரிதாக்கிக்கொண்டால் போயிற்று, குழாய் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விடை தெரியும். அந்தச் சென்சாரில் ஒரு பிக்செலின் அகலம் ஏறக்குறைய 4 மைக்ரான். 300 மி.மீ. லென்சில், நிலவின் தரையில் 5 கி.மீ. அகலமுள்ள இடம் ஒரு பிக்செலில் அடங்கிவிடுகிறது. இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்ட குறைந்தது இரண்டு பிக்செல்கள் வேண்டும்; ஆகவே 10 கி.மீ.க்குக் குறைந்த விவரம் எதுவும் தெரியாது. ஆனால் லென்ஸ் அதைவிடக் கூர்மையாகப் பார்க்க வல்லது. அதன் முன்வாயின் பயன்படும் விட்டம் ஏறத்தாழ 54 மி.மீ.; ஒளியின் விளிம்பு விளைவு இந்த அளவு வாய்க்கு விதிக்கும் எல்லை, நிலவில் ஏறத்தாழ 5 கி.மீ. லென்ஸ் கொடுப்பதைச் சென்சார் வாங்கிக்கொள்ள முடியாமல் வீணாக்குகிறது என்று பொருள். கன்வர்ட்டர் போட்டால் ஒரு பிக்செலில் 2.5 கி.மீ. அடங்கும்; வீணான விவரம் கைக்கு வந்துவிடும். முடிந்த படத்தைப் பெரிதாக்கினால் இது வராது.

இதெல்லாம் குற்றமற்ற லென்சுக்கு. லென்சில் பிறழ்ச்சிகள் இருந்தால் கன்வர்ட்டர் அவற்றையும் அதே கருணையோடு இரட்டித்துவிடும். 10 மைக்ரான் மங்கல் 20 மைக்ரான் மங்கலாகும். கன்வர்ட்டர் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். மட்டமான லென்சோடு சேர்ந்தால் பெரிய படம் கிடைக்கும், விவரம் கிடைக்காது. மேலும் 4 மடங்குப் பரப்பில் அதே ஒளி பரவுவதால் பிம்பம் நாலில் ஒரு பங்கு வெளிச்சமே பெறுகிறது. காமிராவின் எஃப் எண் வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2.8, 4, 5.6, 8, 11, 16. ஒவ்வோர் எண்ணும் முந்தியதைப்போல் 1.4 மடங்கு, ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதி. 1.4 மடங்குக் கன்வர்ட்டர் ஒரு படி இறக்கும், 2 மடங்கு இரண்டு படி இறக்கும். எஃப்/5.6 லென்ஸ் எஃப்/11 ஆகிவிட்டது.

கிரகணத்துக்கு முந்தின வாரம் துறையில் இருந்த லென்சுகளையெல்லாம் அந்தக் கன்வர்ட்டரோடு மாட்டிப் பார்த்தோம். வெளிக் கம்பெனித் தயாரிப்பின் நன்மை அப்போது புரிந்தது. காமிராக் கம்பெனியின் கன்வர்ட்டர்கள் பலவற்றில் முன் வில்லை வெளியே நீண்டிருக்கும். குறிப்பிட்ட சில தொலைப்பட லென்சுகளுக்காகவே கணித்துச் செய்தவை அவை. அந்த லென்சுகளின் பின்பக்கம் உள்ளடங்கிப் பள்ளமாக இருப்பதால் வில்லை உள்ளே போக இடமுண்டு. சாதாரண லென்சில் மாட்டினால் கண்ணாடியோடு கண்ணாடி மோதும். வெளிக் கம்பெனியாரோ எல்லா லென்சுக்கும் பொருந்த வேண்டுமென்று, வில்லைகளைக் குழாய்க்குள்ளேயே அடக்கி வைப்பது வழக்கம். எனவே 50 மி.மீ. லென்சிலும் எங்கள் கன்வர்ட்டர் மாட்டிக்கொண்டது. எஃப்/1.8 லென்ஸ் எஃப்/3.6 ஆக, 100 மி.மீ. ஆகப் படம் கொடுத்தது. நடுவில் பரவாயில்லை; மூலைகளில் எழுத்துகள் வாலோடு தெரிந்தன. அகன்ற கற்றைகள் சாய்வாக வந்து நுழைவதை அந்த வில்லைகளால் சமாளிக்க இயலவில்லை. 18-55 மி.மீ. லென்சில் மாட்டிப் பார்த்ததைச் சொல்லவே வேண்டாம். நாலு எட்டு முன்னே நடந்து போய் எடுத்திருந்தால் அதைவிட நல்ல படம் கிடைத்திருக்கும். எதற்கும் பொருந்தும் சட்டை எவருக்கும் கச்சிதமாக இராது அல்லவா? 300 மி.மீ. லென்சோடுதான் அது ஒழுங்காக நடந்துகொண்டது. குவியத் தூரம் கூடினாலும் லென்ஸ் தெளிவாகக் காட்டும் மிகக் கிட்டிய தூரம் மாறாது என்பதையும் கண்டோம். 1.5 மீட்டரிலிருந்த வண்ணத்துப்பூச்சி அதே 1.5 மீட்டரிலேயே இரட்டிப்பாய்ப் படமாயிற்று. இது ஓர் இனாம்.

இன்னொன்றும் கவனித்தோம். இன்றைய லென்சும் காமிராவும் பொன்னிறத் தொடுமுனைகள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நல்ல கன்வர்ட்டர் இடையில் புகுந்து, "இப்போது 600 மி.மீ., எஃப்/11" என்று திருத்திச் சொல்லும். எங்களுடையது அப்படிச் சொல்லவில்லை. லென்ஸ் சொன்னதை அப்படியே கடத்திவிட்டது. காமிரா தன் கண்ணால் வெளிச்சத்தை அளப்பதால் படத்தின் வெளிச்சம் சரியாகவே வந்தது. தானியங்கிக் குவியம்தான் கெட்டது. கண்ணாடி மடிந்து எழும் வகைக் காமிராக்களில், லென்சின் இரு ஓரங்களிலிருந்தும் வரும் ஒளியை ஒப்பிட்டுத்தான் குவியம் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரும்பாலானவற்றில் இது எஃப்/5.6 வரை, சிலவற்றில் எஃப்/8 வரைதான் நம்பகமாக நடக்கும். எஃப்/11 என்று உண்மை தெரிந்தால் காமிரா முயற்சியையே விட்டுவிடும். பொய்த் தகவல் கிடைத்ததால் அது விடாமல் முன்னும் பின்னும் லென்சை ஓட்டித் தேடிக்கொண்டே இருந்தது. கையால் திருகிக் குவியம் வைப்பதென்று முடிவு செய்தோம்.

கிரகண நாள் வந்தது. கல்லூரி மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்தினோம். முழுநிலவு பளீரென்று இருந்தது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, 1/125 விநாடி. படம் அருமை! 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளமும் அதிலிருந்து சிதறிய வெண்கதிர்களும் அள்ளிக்கொள்ளலாம்போல் விழுந்தன. மாணவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 9 மணி 57 நிமிடத்துக்குப் பூமியின் நிழல் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கியது. 11 மணிக்கு நிலவு முழுதும் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமாயிற்று.

அங்கே ஆரம்பித்தது தொல்லை. ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றியும் 4 விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. படங்கள் எல்லாம் குழைந்த களிபோல வந்தன. முக்காலி ஆடுகிறது என்று நினைத்தோம். திருகுகளை இறுக்கினோம். நடுத்தண்டில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். நிலவு ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிட்டதால், காமிராவை அண்ணாந்து நிறுத்தவே பெரும்பாடு. நான் கன்வர்ட்டரின் கண்ணாடியில் பனி படிந்திருக்குமோ என்று கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன்! கழற்றிய கையோடு விட்டிருந்தால் போதும். 12 மணி 22 நிமிடத்துக்கு நிலவின் ஓரம் வெளுத்தது. முழு கிரகணம் முடிந்தது.

கீழே வந்து கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிய மாணவர்தான் கண்டுபிடித்தார். "சார், நட்சத்திரமெல்லாம் கோடாக இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம், ஒரே நீளம்." நிலவுக்கு அருகே பதிந்திருந்த மங்கலான விண்மீன்கள் யாவும் ஊசிகள்போல் கிழக்கு மேற்காக நீண்டிருந்தன. முக்காலி ஆடினால் கோடு நாலா பக்கமும் கோணும். இது நேர்க்கோடு. ஆடியது முக்காலியல்ல, பூமி சுழன்றிருக்கிறது.

வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலவின் அகலம் அரைப் பாகை. ஆகவே தன் அகலத்தைக் கடக்க நிலவுக்கு 2 நிமிடம், அதாவது 120 விநாடி போதும். இந்தக் கணக்கில் லென்சுக்கு வேலையே இல்லை. கன்வர்ட்டர் இல்லாமல் எஃப்/5.6இல் 1 விநாடி திறந்திருந்தால் நிலவு தன் அகலத்தில் 120இல் ஒரு பங்கு நகர்ந்திருக்கும். கன்வர்ட்டர் வெளிச்சத்தை நாலில் ஒரு பங்காக்கியதால் 4 விநாடி திறந்தோம். 30இல் ஒரு பங்கு நகர்ந்தது. சென்சாரில் அளந்தால் முதலாவது 22 மைக்ரான். இரண்டாவதோ பிம்பமும் இரு மடங்கானதால் 175 மைக்ரான். எட்டு மடங்கு இழுப்பு! இரட்டிப்புப் படம் வேண்டுமென்று போட்ட குழாய், விவரத்தை நாலில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. முழுநிலவில் இது ஏன் தெரியவில்லை? அங்கே 1/125 விநாடிதான். அதற்குள் நிலவு அசைந்த தூரம் ஒரு பிக்செல்கூட இல்லை. விளிம்பு விளைவையும் பிக்செலையும் கணக்கிட்டுச் சொன்ன நான் நேரத்தைக் கணக்கிடவில்லை. மாணவரிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து 120இலிருந்து திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானத்தின் நகர்ச்சியோடு காமிராவையும் திருப்பும் மோட்டார்த் தாங்கி இருந்தால் கன்வர்ட்டரோடு கிரகணத்தையும் எடுக்கலாம். அது எங்களிடம் இல்லை. கன்வர்ட்டர் இப்போது அரைநிலவுக்கும், ஏரியில் வெயிலில் நிற்கும் நாரைகளுக்கும் நன்றாகப் பயன்படுகிறது. இந்தியாவில் இரவில் முழுமையாகக் காணக்கூடிய முழுச் சந்திர கிரகணம் ஒன்று 2028 டிசம்பர் 31 இரவு வருகிறது. அதற்கான பட்டியலை மாணவர் இப்போதே நோட்டில் எழுதி வைத்துவிட்டார்: 300 மி.மீ., எஃப்/5.6, ஐ.எஸ்.ஓ. 1600, 1 விநாடி. கீழே அடிக்கோடிட்டு, "11 மணியைப் பார்க்காதே, நிழல் முக்கால்வாசி மூடியதும் குழாயைக் கழற்று" என்று ஒரு வரி. அன்றைய கிரகணத்துக்கு 11 மணி பொருந்தாது என்று நான் சொன்னதற்கு, "அதனால்தான் சார் பார்க்காதே என்று எழுதியிருக்கிறேன்" என்றார்.